ஒரு மோட்டார், இரண்டு அளம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே எனக்குள் இழுபறி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். மேலே பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. எழுந்துபோய் உலை வைத்துவிடுவேன்.

காரணம் ஒன்றல்ல. நான் ஒன்பதாவதோடு நின்றவள். இதில் கம்ப்யூட்டர் விஷயம் வருகிறது, படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி. அவள் எனக்கு ஒரு சுவர் தள்ளிக் குடியிருக்கிறாள். அவள் தாளிக்கிற கடுகு என் அடுப்படியில் மணக்கும். அவள்மேல் நான் பட்ட பொறாமையை எழுதினால், அவள் அதைப் படித்தால், மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எப்படி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பது? இதற்கு இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே தொடங்குகிறேன். அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

மரக்காணத்தில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பக்கத்துப் பக்கத்து அளம், அதாவது உப்பு விளைகிற நிலம். மாமனார் இருந்தவரை ஒன்றாக இருந்தது. அவருக்குப் பிறகு அண்ணன் தம்பி இருவரும் நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரித்தார்கள், போர்க் கிணற்றைப் பிரிக்க முடியுமா? உப்புநீர் இறைக்கிற மோட்டார் ஒன்றுதான். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தண்ணீர் அதில் விழும். அங்கிருந்து கிழக்கே போகிற மண் வாய்க்கால் எங்களுடையது, தெற்கே போகிறது அவர்களுடையது. எங்களுடையது கொஞ்சம் நீளம். என் வயிற்றெரிச்சல் அந்தக் கொஞ்சத்தில்தான் ஆரம்பித்தது.

உப்பு விளைகிற விதம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை விட்டு, பொங்கல் கழிந்ததும் பாத்தியிலிருக்கிற சேற்றை அள்ளுவோம். தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவோம். சிமெண்டுத் தரைபோல ஆன பிறகு உப்புநீர் விடுவோம். வெயில் அதைக் காய்ச்சும். காயக் காயத் தண்ணீர் கனக்கும். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் மேலே வெள்ளையாகப் பூப் பூத்திருக்கும். அதன்பின் உப்பு அடியில் உட்காரும், பலகை போட்டு வாருவோம். இதில் முக்கியமானது, பாத்தியில் தண்ணீர் மட்டம் குறையக் கூடாது. தரை தெரிந்தால் வெடிப்பு விடும். வெடிப்பு விட்டால் மறுபடியும் மிதிக்க வேண்டும், மிதித்ததெல்லாம் வீண்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் முதன்முதலாக யார் அளத்தில் உப்பு விளைகிறதோ, அந்த வீட்டுப் பெண் ஒரு கூடை உப்பைத் தலையில் சுமந்து, மேளத்தோடு அம்மன் கோயிலுக்குப் போவாள். அம்மன் காலடியில் உப்பைக் கொட்டியதும், பூசாரி அம்மன் கழுத்து மாலையை எடுத்து அவள் கழுத்தில் போடுவார். அதற்கப்புறம்தான் மற்ற அளங்களில் உப்பில் பலகை வைப்பார்கள்.

அந்த மாலை வருஷா வருஷம் என் ஓரகத்தி கழுத்தில்தான் விழுந்தது. வாய்க்கால் குட்டையானதால் அவர்கள் பாத்தி சீக்கிரம் நிறையும். மாலையோடு தெருவில் வருகிறவள் நேரே தன் வீட்டுக்குப் போகக் கூடாதா? என் வாசலில் நிற்பாள்.

"அக்கா, மாலையைத் தொட்டுக் கும்பிட்டுக்கோங்க."

நல்ல மனதோடுதான் சொல்வாள். எனக்கு அப்போது அவளுடைய நல்ல மனம்கூடக் குத்தும். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சம்பங்கி வாசம் கையில் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது.

இதுவரை வெறும் பொறாமை. அதற்குமேல் ஒன்று சேர்ந்துகொண்டது. என் மகளைப் பிரம்மதேசத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டரம்மா வெளியே வந்து, ரெண்டு உயிரும் சாமி கையில் இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வராண்டா தரையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். தாயே, இவளையும் குழந்தையையும் கொடுத்துவிடு, ஊருக்கு முதல் உப்பை என் அளத்திலிருந்து என் தலையில் சுமந்துவந்து உனக்குப் போடுகிறேன். அவள் கொடுத்துவிட்டாள். பேரன் தவழ்ந்தான், நடந்தான், அளத்து வரப்பில் ஓடினான். நான்தான் கொடுக்கவில்லை. கொடுக்க முடியாமல் குறுக்கே நிற்கிறவள் ஒரு சுவர் தள்ளி இருக்கிறாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

ஓரகத்திக்கு ஒரே பெண். கம்ப்யூட்டர் படித்தவள். புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வீட்டுக்குள் டவர் கிடைக்காது, மோட்டார் கொட்டகையில் நன்றாகக் கிடைக்கும். அதனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து, கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். காதில் ஹெட்போன் மாட்டியிருப்பாள். தனக்குத் தானே இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பாள். என் மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறான். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் ஓரகத்தி, "எம்பொண்ணுக்கு மீட்டிங் இருக்குது அக்கா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்று சொல்லும்போது எனக்கு இன்னும் சத்தமாகப் பேசத் தோன்றும்.

எங்கள் பக்கம் மோட்டார் ஓடுகிற மூன்று ஃபேஸ் கரண்ட் சில மணி நேரம்தான் வரும். காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று முறை. நம் முறையில் கரண்ட் போனால் போனதுதான். அதற்கு ஒரு சண்டை. போன வாரம் உங்களுக்கு முழுசா வந்தது, எங்களுக்கு வரல என்று அதற்கு ஒரு சண்டை. அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக நாங்கள் இருவரும் பேசுவோம்.

அந்தப் பெண் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் ஒருநாள் சொன்னாள்.

"பெரியம்மா, இதை நான் செஞ்சு தர்றேன். எங்க வேலையே இதான்."

"உங்க வேலை உப்பு விளைவிக்கிறதா?"

"முறை வெக்கிறது. இங்க வாங்க, காட்டறேன்."

கட்டிலில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். லேப்டாப்பில் ஒரு பாட்டைப் போட்டாள். ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு வளர்ந்துகொண்டிருந்தது.

"பாட்டு ஓடுது. இந்தக் கோடு, ஒரு ஃபைல் இறங்கிகிட்டு இருக்குது. இங்க நான் டைப் அடிக்கிறேன் பாருங்க. மூணும் ஒண்ணா நடக்குதா?"

"நடக்குது."

"நடக்கல. அப்படித் தெரியுது, அவ்ளோதான். இதுக்குள்ள இருக்கிற மூளையால ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்ய முடியும். இப்ப வர்றதுல நாலு, எட்டு மூளை வெக்கிறாங்க. ஆனா வேலை நூத்துக்கணக்குல நிக்கும், அதனால கதை ஒண்ணுதான். ஒரு மூளைன்னே வெச்சுக்கோங்க. அது பாட்டைக் கொஞ்சம் செய்யும். கண்ணைச் சிமிட்டற நேரம்கூட இல்ல, அதுல துளி. அப்புறம் எங்க விட்டோம்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு அதை ஓரமா வெச்சிடும். ஃபைலை எடுக்கும், கொஞ்சம் இறக்கும், ஓரமா வெக்கும். நான் அடிச்ச எழுத்தை எடுக்கும். மறுபடியும் பாட்டு. சுத்திச் சுத்தி வரும்."

"பாட்டு நடுவுல நிக்கலியே."

"நிக்குது பெரியம்மா. உங்க காதுக்குத் தெரியறதுக்குள்ள திரும்ப வந்துடுது. பாட்டுக்கே தெரியாது தன்னை நிறுத்தி வெச்சாங்கன்னு. ஒவ்வொரு வேலையும் மூளை முழுசா தனக்குத்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது. வேலைகள் பொறாமைப்படாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் வாய் வேறு கேட்டது.

"யார் அந்த முறையை வெக்கிறது?"

"அதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்குது. அதோட வேலையே அடுத்து யாருன்னு பாக்கறதுதான்."

"எல்லாருக்கும் சமமா தருமா?"

"தரலாம். முக்கியமான வேலைன்னா முன்னுரிமையும் தரலாம். அது எழுதறவங்க கையில இருக்குது."

எழுதுகிறவள் இவள். இவள் அம்மா என் ஓரகத்தி. பாட்டு எனக்கு அதற்குமேல் காதில் விழவில்லை.

கொஞ்ச நாளில் செய்துவிட்டாள். தொட்டியின் இரண்டு பக்கமும் கரண்டில் திறந்து மூடுகிற வால்வைக் கொழுந்தனார் மாட்டினார். கொட்டகைச் சுவரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியை இவள் மாட்டினாள். கரண்ட் வந்ததும் பெட்டி விழித்துக்கொள்ளும். அரை மணி கிழக்கே, அரை மணி தெற்கே. கரண்ட் போனால் யார் முறையில் எவ்வளவு பாக்கி என்று ஞாபகம் வைத்திருக்கும். வந்ததும் அங்கிருந்தே தொடரும். மாறும்போது டக் என்று ஒரு சத்தம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் நிம்மதி. எனக்கு நிம்மதி இல்லை. நான் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு தொட்டியடியில் நின்றேன். தெற்கே திறந்திருப்பதும் கிழக்கே திறந்திருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒருநாள் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன். ஒரு நிமிஷம் முன்பின் இல்லை. ஏமாற்று இல்லை என்று தெரிந்தால் மனம் ஆற வேண்டும்தானே. ஆறவில்லை. தெற்கே தண்ணீர் போகிற அரை மணி நேரமும் என் பாத்தி வெயிலில் வாயைத் திறந்துகொண்டு கிடப்பதுபோல இருந்தது. அவள் பாத்தியில் தண்ணீர் விழுகிற சத்தம் என் காதுக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது.

கொட்டகைக்குப் போனேன். ஓரகத்தியும் அங்கே இருந்தாள், மகளுக்கு மோர் கொண்டுவந்திருந்தாள்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல கண் சிமிட்டற நேரத்துல துளின்னு சொன்னியே. இங்க மட்டும் இன்னாத்துக்கு அரை மணி?"

"அது வேற பெரியம்மா."

"இன்னா வேற? அரை மணி அவங்களுக்கே போவுது. பொடியா பிரிச்சா ரெண்டு பேருக்கும் ஒண்ணா வர்ற மாதிரி இருக்கும் இல்ல? நீதான சொன்ன, பாட்டுக்கே தெரியாதுன்னு."

அந்தப் பெண் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "மாத்தறதுக்கும் ஒரு செலவு இருக்குது. ஒண்ணை ஓரமா வெக்கணும், இன்னொண்ணை எடுத்து விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கணும். அந்த நேரத்துல ஒரு வேலையும் நடக்காது. கம்ப்யூட்டர்லயே ரொம்பப் பொடியா நறுக்கினா மாத்தறதுலயே பொழுது போய்டும். இங்க வாய்க்கால் வேற இருக்குது."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? அம்மாவுக்குப் பேசுகிறாள் என்று கேட்டது.

"உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஓரகத்தி விடவில்லை.

"நான் இன்னாத்துக்குக்கா சொல்லிக் குடுக்கப் போறேன். கால் மணி போதுமா, இன்னும் குறைக்கணுமா? இந்தாடி, அஞ்சு நிமிஷமா போட்டுடு. அப்பவாவது உங்க பெரியம்மா தொட்டியடியில காவல் காக்காம வீட்டுக்குப் போய்ச் சோறு துன்னட்டும்."

"போடு. அஞ்சே போடு" என்றேன் நான்.

"அம்மா, வேணாம்."

"போடுன்னா போடு. உங்க பெரியம்மாவுக்கு இன்னா குறை வெக்கணும்?"

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினாள். சுவரில் பெட்டி டக் என்றது.

அதன்பிறகு நாள் முழுக்க அந்த டக் சத்தம்தான். மோட்டார் நிற்காமல் ஓடியது. இரண்டு வாய்க்காலும் எப்போது பார்த்தாலும் ஈரம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு அளத்துக்கும் ஓயாமல் தண்ணீர் போவதுபோலத்தான் இருக்கும். எனக்கும் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது, மனம் குளிர்ந்தது. தெற்கே போனாலும் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும்.

மூன்றாம் நாள் வாய்க்கால் ஓரமாகவே தண்ணீரோடு நடந்து பார்த்தேன். காய்ந்த மணலை நக்கிக்கொண்டே தண்ணீர் மெதுவாக வந்தது. முதலில் மணல் குடிக்கும், குடித்து அடங்கிய பிறகுதான் முன்னால் நகரும். என் பாத்தி மடைக்கு வந்து, ஒரு கை அளவு உள்ளே எட்டிப் பார்த்தது. டக். பின்னால் வருகிற தண்ணீர் நின்றுவிட்டது. வாய்க்காலில் இருந்தது அப்படியே மணலுக்குள் இறங்கியது. அடுத்த முறை வருவதற்குள் வெயிலும் காற்றும் வாய்க்காலைக் காயவைத்து வெள்ளையாக உப்புப் பொரியவைத்தன. மறுபடியும் வருகிற தண்ணீர் மறுபடியும் முதலிலிருந்து நக்கியது. வரப்பில் ஏறித் தெற்கே பார்த்தேன். அவள் வாய்க்காலிலும் அதே கதை. குட்டை என்பதால் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

பின்னால் என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"வாய்க்காலுக்கு நல்லா தாகம் தீருது" என்றார்.

பாத்தியின் மேட்டு மூலையில் தண்ணீர் வற்றித் தரை தெரிந்தது. மிதித்து இறுக்கிய தரையில் நூல் நூலாக வெடிப்பு.

அரை மணிக்கே திருப்பிவிடு என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் கேட்டால் ஓரகத்தி முன்னால் நான் தோற்றமாதிரி. அவளும் தன் மூலை வெடித்ததைப் பார்த்திருப்பாள், அவளும் போய்ச் சொல்லவில்லை. காலையில் குழாயடியில் இரண்டு பேரும், வெயில் அதிகம், காற்று அதிகம் என்று பேசிக்கொண்டோம்.

எங்களுக்கு வடக்கே இன்னொரு குடும்பத்தின் அளம் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு மோட்டார். ஆனால் அவர்கள் பாத்தி புதியது, தரை இறுகவில்லை, அதனால் அதுவரை எங்களை முந்தியதில்லை. அந்த வீட்டுக்காரிக்கும் எங்கள் இருவருக்கும் ஆகாது. எங்களைப் பார்த்தால், "இன்னா, ஒரு மோட்டாரை வெச்சுக்கிட்டு ரெண்டு குடும்பமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள்.

அந்த வார வியாழக்கிழமை மதியம் அளத்தில் கூலி வேலை பார்க்கிற ஒருவர் வண்டியை நிறுத்தி எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"வடக்கால பூ எடுத்துடுச்சுப்பா. ஞாயித்துக்கெழமை வாரிடுவாங்களாம். மேளத்துக்குச் சொல்லிட்டாங்க."

அவர் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் நேரே கொட்டகைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்தனாரும் ஓரகத்தியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சேதி போயிருக்கிறது. பல மாதம் கழித்து அண்ணன் தம்பி நேருக்கு நேர் பேசினார்கள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

அந்தப் பெண் காதில் இருந்ததை எடுத்தாள். எங்கள் நான்கு பேரையும் ஒன்றாகப் பார்த்ததில் பயந்துபோயிருந்தாள்.

"எத்தினி தடவை சொன்னேன்" என்றாள். "இது கம்ப்யூட்டர்ல வர்ற வியாதிதான். எல்லாரும் ஓடற மாதிரியே இருக்கும், மூளை சூடாகிடும், ஆனா ஒரு வேலையும் முடியாது. மாத்தி மாத்தி எடுத்து வெக்கிறதுலயே போய்டும்."

"இப்ப இன்னா பண்றது?" என்று கொழுந்தனார் கேட்டார்.

"பழையபடி அரை மணி போட்டா ரெண்டும் விளையும். ஆனா ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டும் விளையாது. ஒண்ணு விளையணும்னா, எது முடியற நிலைமையில இருக்குதோ அதுக்கே முழுசா விடணும். அது முடிஞ்ச பிறகு இன்னொண்ணு."

எது முடிகிற நிலைமையில் இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. தண்ணீரில் விட்டால் கனத்துக்குத் தக்க மிதக்கும். கொழுந்தனார் இரண்டு பாத்தியிலும் விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். சொல்ல வேண்டியதில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர்களுடையதுதான் முந்தி.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். கடைசியில் கொழுந்தனார், "அண்ணி சொல்லட்டும்" என்றார். அவருக்கு என் வேண்டுதல் தெரியும்.

ஓரகத்தி முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டுவிடுங்கள் அக்கா என்று கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லியிருந்தாலும் கோபம் வந்திருக்கும். அவள் இரண்டும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது கண்முன் வந்தது அம்மன் இல்லை, பேரன் இல்லை. வடக்கு அளத்துக்காரி கழுத்தில் அந்த மாலையோடு எங்கள் தெருவில் வருவது வந்தது. என் வாசலிலும் நிற்பாள், ஓரகத்தி வாசலிலும் நிற்பாள். தொட்டுக் கும்பிடச் சொல்வாளோ இல்லையோ, சிரிப்பாள். ஓரகத்தியின் மாலையை இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறேன். இதை என்னால் தாங்க முடியாது.

"தெற்கால திருப்பு" என்றேன்.

"எவ்ளோ நேரம் பெரியம்மா?"

"விளையற வரைக்கும்."

"உங்க பாத்தி?"

"நிக்கட்டும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்து, அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "கம்ப்யூட்டர்லயும் இப்படி உண்டு பெரியம்மா. இப்ப எனக்கு வேணாம், அப்புறம் எழுப்புன்னு சொல்லிட்டு ஒரு வேலை தானே ஒதுங்கித் தூங்கும். அதனால அதுக்கு ஒண்ணும் குறையாது."

"அதுக்கு வேண்டுதல் இருக்குதா?"

"இல்ல."

"அதான் தூங்குது."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பெட்டி ஒருமுறை டக் என்றது. அதன்பிறகு சத்தமே இல்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் கரண்ட் வந்த நேரமெல்லாம் தண்ணீர் தெற்கேயே போனது. நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. என் வாய்க்கால் காய்ந்து, உரித்த கருவாடுபோலக் கிடந்தது. விளக்கேற்றும்போது, தாயே நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலமே அவர்கள் பாத்தியின் மேட்டுப் பக்கத்தில் ஒரு கூடைக்கு உப்பு உட்கார்ந்துவிட்டது. மெல்லிசு உப்புதான், ஆனாலும் உப்பு. மேளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, அவர்களெல்லாம் வடக்கு வீட்டுக்கு மறுநாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொழுந்தனார் ஒரு உறுமிக்காரரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். ஓரகத்தி கூடையைச் சுமந்து போனாள். நானும் போனேன், குடும்பம் என்று போகாமல் இருக்க முடியுமா? கோயிலில் கூட்டம் அவ்வளவாக இல்லை. பூசாரி அம்மன் கழுத்திலிருந்து மாலையை எடுத்து அவள் கழுத்தில் போடும்போது நான் சாமியைப் பார்க்கவில்லை. மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது வழக்கம்போல என் வாசலில் நின்றாள்.

"அக்கா, தொட்டுக்கோங்க."

தொட்டேன். அவள் போகவில்லை.

"நீங்க விட்டுக் குடுத்தீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்க்கா."

"சொல்லாத. நான் விட்டுக் குடுக்கல."

"பின்ன?"

"அந்த வடக்கு அளத்துக்காரி இதைப் போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல வர்றதை என்னால பாக்க முடியாது. அவ்ளோதான். உன் கழுத்துல பாக்கறதுக்கே எனக்கு எரியுது."

மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எனக்கும் எரியும்க்கா. நீங்க பேரனை இடுப்புல வெச்சுக்கிட்டு வரப்புல நடக்கும்போது. எம்பொண்ணு கல்யாணமே வேணாங்குது."

உள்ளே போய் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு தண்ணீர் முழுசாக எங்களுக்கு வந்தது. வெடித்த மூலையை நானும் என் வீட்டுக்காரரும் மறுபடியும் மிதித்தோம். எங்களுக்கும் உப்பு விளைந்தது, நல்ல கல் உப்பாக. ஒரு கூடை எடுத்துக்கொண்டு நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். மத்தியானம், மேளம் இல்லை. பூசாரி துண்டை விரித்துப் படுத்திருந்தவர் எழுந்தார்.

"முதல் உப்புதான் வந்துடுச்சேம்மா."

"தெரியும் சாமி. இது முதல் உப்பு இல்ல."

கொட்டச் சொன்னார். கொட்டினேன். குங்குமம் கொடுத்தார். மாலை இல்லை. அம்மன் கழுத்தில் அன்றைக்குப் புது மாலை இருந்தது, சாமந்தி. நான் வேண்டியது இது இல்லை தாயே, ஆனால் இன்றைக்கு என்னிடம் இருப்பது இதுதான் என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஒருமுறை மாலை ஓரகத்திக்குப் போனது, மற்றபடி வடக்கு அளத்துக்காரிதான். அவளுடைய பாத்தி இறுகிவிட்டது. எனக்கு இன்றுவரை விழவில்லை. பேரன் பள்ளிக்கூடம் போகிறான். வேண்டுதல் அப்படியே நிற்கிறது. மாலையைப் பார்க்கும்போது இன்றைக்கும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் இப்போது எழுதியதற்குக் காரணம், கோயில் வாசலில் இந்தக் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. மூத்தவள் வேண்டுதலையே விட்டுக்கொடுத்த மகராசி என்று சிலர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசுகிறார்கள். படித்த பெண் பெட்டியில் ஏதோ செய்து அம்மா பக்கம் தண்ணீரைத் திருப்பிவிட்டாள் என்று வேறு சிலர் பேசுகிறார்கள். இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். குயிலாப்பாளையத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களே என்னிடம் அதைக் கேட்டார்கள். இரண்டும் நடக்கவில்லை.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அந்தப் பெண் தன் அம்மாவுக்கு ஒரு நிமிஷம்கூடக் கூட்டிப் போடவில்லை, நானே நின்று பார்த்தேன், அதைச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் என்று அடம்பிடித்தது நானும் என் ஓரகத்தியும், அதையும் சொல்லுங்கள். தெற்கே திருப்பு என்று நான் சொன்னதை யாராவது புண்ணியம் என்று மாற்றிச் சொன்னால், இல்லை, அந்த அம்மாள் பொறாமையில்தான் சொன்னாளாம் என்று திருத்துங்கள். என்னை நல்லவளாக்க ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். அம்மனுக்கு நடந்தது தெரியும். அவளுக்குத் தெரிந்ததும் ஊருக்குத் தெரிந்ததும் ஒன்றாக இருக்கட்டும்.